ஹாசல்பிளாடில் டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ்: வாங்கும் முன் பார்க்க வேண்டியது

கேள்வி: என்னிடம் ஹாசல்பிளாட் 500சி/எம் கேமராவும் 80 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. பழைய கட்டடங்களைப் படம் எடுத்தால் சுவர்கள் மேலே போகப்போக உள்பக்கம் சாய்கின்றன. சூரியகாந்தி வயலை எடுத்தால் முன்னால் நிற்கும் பூவும் தொலைவில் இருக்கும் மலையும் சேர்ந்து தெளிவாக விழுவதில்லை. கீவ் நகரில் தயாரான பழைய டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் (சாய்க்கவும் நகர்த்தவும் கூடியது) ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. அடாப்டர் வைத்து என் கேமராவில் மாட்ட முடியுமா?

பதில்: அந்த லென்ஸை வாங்காதீர்கள். அது மோசமான லென்ஸ் என்பதால் சொல்லவில்லை. உங்கள் கேமராவில் அது வேலை செய்யாது.

ஃபிலிம் மேகசினைக் கழற்றிவிட்டு, கேமராவின் பின்பக்கம் வழியாகப் பார்த்தபடி பொத்தானை அழுத்துங்கள். இரண்டு தடுப்புக் கதவுகள் திறப்பதைக் காண்பீர்கள். அவை ஒளியை மறைப்பதற்கு மட்டுமே. 1/125 நொடி, 1/60 நொடி என்று அளந்து திறந்து மூடும் ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது. அர்சாட் 55 மி.மீ. ஷிஃப்ட், ஹார்ட்பிளே 45 மி.மீ. போன்ற கீவ் லென்ஸ்களில் ஷட்டர் கிடையாது. அவை பென்டகான் சிக்ஸ், கீவ் 60 போன்று கேமராவின் உடலிலேயே ஷட்டர் உள்ளவற்றுக்காகச் செய்யப்பட்டவை. மவுண்ட் தூரமும், அதாவது லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து ஃபிலிம் வரையுள்ள தூரமும், அடாப்டருக்கு இடம் கொடுக்காது: பென்டகான் சிக்ஸுக்கு 74.1 மி.மீ., உங்கள் கேமராவுக்கு 74.9 மி.மீ. அதே லென்ஸ் மாமியா 645-இல் அடாப்டரோடு நன்றாக உட்காரும். அங்கே தூரம் 63.3 மி.மீ.தான் என்பதால் அடாப்டருக்குப் போதிய இடம் மிஞ்சுகிறது. ஷட்டரும் உடலில் இருக்கிறது.

இப்போது உங்கள் உண்மையான தேவைக்கு வருவோம். கட்டடத்தின் உச்சியைப் பிடிப்பதற்காகக் கேமராவை அண்ணாந்து வைப்பதால்தான் சுவர்கள் சாய்கின்றன. ஃபிலிம் சுவருக்கு இணையாக நின்றால் கோடுகள் நேராகவே விழும். ஆனால் கேமராவை மட்டமாக வைத்தால் உச்சி வெட்டுப்படும். கட்டடத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி, கேமராவை 1.5 மீட்டர் உயரத்தில் மட்டமாக வைத்தால், உங்கள் 80 மி.மீ. லென்ஸ் சுமார் 8.5 மீட்டர் உயரம் வரைதான் பார்க்கும். ஷிஃப்ட் லென்ஸ் கேமராவை அசைக்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தி, தேவையற்ற தரையைக் குறைத்துக் கூடுதல் உயரத்தைத் தருகிறது.

அதே இடத்தில் 50 மி.மீ. டிஸ்டகான் என்னும் அகலக்கோண லென்ஸை மாட்டினால் மட்டமாக வைத்தபடியே 12.7 மீட்டர் வரை கிடைக்கும். படத்தின் கீழ்ப்பகுதி முழுக்கத் தரையாக இருக்கும். பிரின்ட் போடும்போது அதை வெட்டிவிடுங்கள். 56 மி.மீ. சதுர நெகட்டிவில் கட்டடம் விழுந்த 42 மி.மீ. மட்டும் எடுத்துக்கொண்டால், ஒரு 645 (6×4.5 செ.மீ.) நெகட்டிவின் பரப்பு உங்கள் கையில் மிஞ்சுகிறது. நடைமுறையில் இது 7 மி.மீ. ஷிஃப்ட் செய்ததற்குச் சமம். சதுர ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்கள் பலர் இந்த வசதியைக் கவனிப்பதே இல்லை. எதிர்க் கட்டடத்தின் முதல் மாடியிலிருந்து எடுக்க அனுமதி கிடைத்தால் இன்னும் நல்லது. கேமரா ஏறிய ஒவ்வொரு மீட்டரும் படத்தில் அப்படியே சேரும்.

ஹாசல்பிளாட் 500 வரிசைக்கென்றே செய்யப்பட்ட பிசி-முட்டார் என்னும் 1.4 மடங்கு ஷிஃப்ட் கன்வர்ட்டர் ஒன்று உண்டு. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டுவது. 16 மி.மீ. வரை நகரும், ஒரு ஸ்டாப் ஒளியை, அதாவது பாதி ஒளியை, தின்னும். 40 மி.மீ. லென்ஸோடு சேர்த்தால் 56 மி.மீ. ஆகி, அதே 20 மீட்டர் தூரத்தில் 17 மீட்டர் உயரம் வரை எட்டும். ஆனால் கன்வர்ட்டர் இல்லாத வெறும் 40 மி.மீ. லென்ஸே 15.5 மீட்டர் வரை பார்க்கிறது! கன்வர்ட்டரால் கிடைக்கும் பெரிய லாபம் உயரம் அல்ல, வெட்டி எறியாமல் முழு நெகட்டிவையும் பயன்படுத்துவது. மிகப் பெரிய பிரின்ட் போடுபவருக்கு அது பெறுமதியானது. மற்றவர்கள் அந்தப் பணத்துக்கு ஒரு 50 மி.மீ. வாங்குவதே மேல் என்பேன்.

கேமராவையே மாற்றும் எண்ணம் இருந்தால், பென்டாக்ஸ் 67-க்கு 75 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸும் மாமியா 645-க்கு 50 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸும் இருக்கின்றன. இரண்டிலும் டில்ட் கிடையாது.

அடுத்தது வயல். டில்ட் செய்யும்போது தெளிவாக விழும் தளம் கேமராவுக்கு இணையாக நிற்காமல் நிலத்தோடு படுத்துக்கொள்கிறது. இதற்குரிய விதி ஆஸ்திரியரான தியோடர் ஷைம்ஃப்ளூக்கின் பெயரால் வழங்குகிறது. தளம் லென்ஸுக்குக் கீழே ஒரு கோட்டில், கதவு கீலில் திரும்புவதுபோல், திரும்பும். அந்தக் கோடு தரையில் இருக்க வேண்டுமானால், 1.5 மீட்டர் உயரத்தில் 80 மி.மீ. லென்ஸுக்கு 3 பாகை சாய்வு போதும். பலர் நினைப்பதைவிட இது மிகச் சிறியது. தேவைக்கு மேல் சாய்த்துவிட்டுத்தான் படத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனாலும் சூரியகாந்திக்கு டில்ட்டை நான் சிபாரிசு செய்யமாட்டேன். முன்னால் உயர்ந்து நிற்கும் செடியின் தண்டும் பூவும் படுத்த தளத்துக்கு வெளியே போய்விடும். வேர்ப்பகுதி தெளிவாகவும் பூ மங்கலாகவும் வரும். புல்வெளி, உப்பளம், கல் பாவிய முற்றம் போன்ற தட்டையான பரப்புகளில்தான் டில்ட் தன் முழுப் பலத்தைக் காட்டும். அதற்குப் பதிலாக, உங்கள் 80 மி.மீ. லென்ஸின் துளையை எஃப்/22-க்குச் சுருக்கி, 6 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் 3 மீட்டர் முதல் மலைவரை தெளிவாக இருக்கும். 50 மி.மீ. லென்ஸென்றால் 2.3 மீட்டரில் வையுங்கள். ஒன்றேகால் மீட்டரில் நிற்கும் பூகூடத் தெளிவாக விழும். நல்ல வெயிலில் 100 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு 1/60 நொடி கிடைக்கும். காற்று நின்ற பிறகு எடுங்கள்.

டில்ட் கட்டாயம் வேண்டுமென்றால், 1966-இல் வெளிவந்த ரோலை எஸ்எல்66 கேமராவைப் பாருங்கள். அதில் லென்ஸைத் தாங்கும் முன்பகுதியே 8 பாகை வரை சாயும். சாதாரண 80 மி.மீ. லென்ஸே டில்ட் லென்ஸாகிவிடும். ஃபுஜி ஜிஎக்ஸ்680-இல் எல்லா அசைவுகளும் உண்டு. அதன் எடையைத் தூக்கிச் சுமக்கத் தோள் வேண்டும்.

இப்போதைக்கு ட்ரைபாடும் குமிழ் மட்டமும் கட்டம் போட்ட ஃபோகசிங் ஸ்கிரீனும் வாங்குங்கள். கட்டடத்தின் இடது விளிம்பையும் வலது விளிம்பையும் ஸ்கிரீனின் கோடுகளோடு தனித்தனியாக ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் உள்நோக்கிச் சாய்ந்தால் கேமரா இன்னும் அண்ணாந்திருக்கிறது. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் ட்ரைபாட் தலையைப் பக்கவாட்டில் திருத்துங்கள்.