மல்லாட்டை (நிலக்கடலை) அங்கங்கே காய்கிறதா? பிடுங்கிப் பாருங்கள்

கேள்வி: அணைக்கட்டுப் பக்கம் இரண்டு ஏக்கர் மல்லாட்டை, நாற்பது நாள் பயிர். தண்ணீர் கட்டியும் திட்டுத்திட்டாகக் காய்கிறது. மருந்துக்கடையில் யூரியாவும் டானிக்கும் கலந்து அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். வாடத் தொடங்கிய செடியைப் பிடுங்குங்கள். லேசாக இழுத்ததும் கையோடு வந்து, ஆணிவேர் கறுத்து, தோல் நார்நாராக உரிந்து, உள்ளே கரித்தூள் தூவினதுபோல் இருந்தால் அது வேரழுகல். மேக்ரோபோமினா என்ற மண்பூஞ்சையின் வேலை. கரித்தூள் மாதிரி தெரியும் அந்தக் கரும்புள்ளிகள்தான் பூஞ்சையின் வித்து, மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். மண் காய்ந்து சூடேறினால் முளைத்து வேருக்குள் புகும். வேரே போன செடிக்கு இலையில் டானிக் அடித்தால் தெம்பு கடைக்காரருக்குத்தான்.

செத்ததைப் பிடுங்கி எரியுங்கள், வரப்பில் வீசாதீர்கள். சுற்றியுள்ள நல்ல செடிகளின் அடியில், லிட்டருக்கு 1 கிராம் கார்பென்டாசிம் பூஞ்சைக்கொல்லி கலந்து வேர் நனைய ஊற்றுங்கள். மேலே தெளித்தால் வேருக்குப் போகாது. நிலத்தைக் காயவிடாதீர்கள்.

ஆனால் ஒன்று. தரையை ஒட்டிய தண்டில் வெள்ளை நூல் படர்ந்து, கடுகு மாதிரி பழுப்பு உருண்டைகள் இருந்தால் அது தண்டழுகல். பூஞ்சையே வேறு, ஸ்கிளிரோசியம். கார்பென்டாசிமுக்கு அது அசையாது. "டோஸ் பத்தவில்லை" என்று கடையில் இன்னொரு பாக்கெட் தருவார்கள், வாங்காதீர்கள். டெபுகோனசோல் 25.9% பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 1 மி.லி. கலந்து தண்டடியில் ஊற்றுங்கள். ஜிப்சம் போட்டு மண் அணைக்கும்போது தண்டின்மேல் மண்ணும் சருகும் குவிந்தால் இது வேகமாகப் பரவும். இரண்டு நோயும் ஒரே வயலில் வரும். ஒரு செடியோடு நிறுத்தாமல், பத்து இடத்திலாவது பிடுங்கிப் பாருங்கள்.

அடுத்த பட்டத்தில் விதைக்கும் முன்பே தடுக்கலாம். கிலோ விதைப்பருப்புக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) கலந்து விதையுங்கள். ஏக்கருக்கு 200 கிராம் போதும். விதைத்து ஒரு மாதம் கழித்து வேளாண் துறையில் இதன் மானியப் பாக்கெட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கினால் யாருக்கு லாபம்? முன்னதாகவே நீங்களே வாங்கிவிடுங்கள். அது உயிருள்ள பூஞ்சை. தயாரிப்புத் தேதி பாருங்கள், வெயிலில் அடுக்கியதைத் தொடாதீர்கள். கார்பென்டாசிமோடு கலந்தால் செத்துவிடும்; இரண்டையும் சேர்த்து விற்பவருக்கு இது தெரியாமலில்லை.

சந்தேகமிருந்தால் செடியை வேர்மண்ணோடு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப்போங்கள். வாடின இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போனால் அவர்கள் பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இருக்காது.