மிச்சமிருக்கும் இரண்டு விடைகள்

அன்புள்ள ஐயா,

சட்டக் கல்லூரியில் சேர கிளாட் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறேன். லாஜிக்கல் ரீசனிங்கில், அதாவது ஒரு பத்தியின் வாதத்தை ஆராயும் பகுதியில், நான்கு விடைகளில் இரண்டை உடனே அடித்துவிடுவேன். மிச்ச இரண்டில் எப்போதும் தப்பானதைத்தான் எடுக்கிறேன். வேகம் போதாது என்கிறார்கள். கோச்சிங் சேரலாமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

இரண்டுவரை வந்துவிட்டீர்கள் என்றால் பத்தி புரிந்திருக்கிறது. மனம் தளர வேண்டாம். கோச்சிங் உங்கள் வசதி. வேகமா? 120 நிமிடம், 120 கேள்வி, தப்புக்குக் கால் மதிப்பெண் கழிவு. தப்பை வேகமாகக் குறித்து என்ன லாபம்?

நீங்கள் விழுவது பெரும்பாலும் அசம்ப்ஷன் கேள்விகளில்தான் இருக்கும்; அதாவது, வாதம் வெளியே சொல்லாமல் எதை நம்பி நிற்கிறது என்று கேட்பவை. சில நாட்களாக என் மண்டையைக் குடைவதும் அதுதான். அங்கே எல்லோரும் பத்திக்குப் பொருத்தமான விடையைத் தேடுகிறார்கள். யார் கேட்டார்கள் பொருத்தத்தை? எது பொய்யானால் வாதம் விழுமோ, அதைத்தானே கேட்கிறார்கள்!

ஒரு வாதம்: 'நூலகம் மாலை 6 மணிக்குப் பதில் இரவு 9 மணிவரை திறந்திருந்தது. வருகை கூடியது. ஆகவே நேர நீட்டிப்பே காரணம்.' மிஞ்சிய விடைகள் இரண்டு. (அ) மாணவர்கள் எல்லோரும் இரவில் படிக்கவே விரும்புகிறார்கள். (ஆ) 6 மணிக்குப் பிறகு சிலராவது நூலகத்துக்கு வந்தார்கள்.

நீங்கள் (அ)வை எடுத்திருப்பீர்கள். கம்பீரமாக இருக்கிறதல்லவா? இரண்டையும் மறுத்துப் பாருங்கள். 'எல்லோரும் விரும்புகிறார்கள்' என்பதன் மறுப்பு 'யாருமே விரும்பவில்லை' அல்ல, 'ஒருவராவது விரும்பவில்லை.' இந்த இடத்தில்தான் பாதிப்பேர் கவிழ்கிறார்கள். யாரோ ஒருவருக்கு இரவுப் படிப்பு பிடிக்காவிட்டால் வாதத்துக்கு என்ன கேடு? ஒன்றுமில்லை. (ஆ)வை மறுத்தால் '6 மணிக்குப் பிறகு ஒருவர்கூட வரவில்லை.' நேர நீட்டிப்பு அங்கேயே செத்தது. விடை (ஆ). சப்பென்று இருக்கிறதே என்று நீங்கள் அடித்துவிடுவது அதைத்தான்.

உடனே 'எல்லா', 'எப்போதும்' வந்தால் தப்பு என்று நோட்டில் எழுதிக்கொள்ளாதீர்கள்! அசம்ப்ஷன் கேள்விகளிலும், பத்தியிலிருந்து என்ன முடிவு வரும் என்று கேட்கும் இன்ஃபெரன்ஸ் கேள்விகளிலும் அவற்றைச் சந்தேகப்படலாம். வாதத்தை வலுப்படுத்து, பலவீனப்படுத்து என்றால் கதையே வேறு: விடை உண்மை என்று வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறார்கள், அங்கே அழுத்தமான வாக்கியமே பல நேரம் வேலை செய்யும். ஆகவே கேள்வியின் கடைசி வரியை முதலில் படியுங்கள்.

மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) முடிந்ததும் மதிப்பெண்ணை விடுங்கள். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் மிஞ்சிய இரண்டு விடைகளின் மறுப்பையும் கையால் எழுதுங்கள். மனதுக்குள் செய்தால் 'எல்லோரும்' மறுபடி 'யாருமே' ஆகிவிடும்.