கிட்டாரின் 12-ஆம் ஃப்ரெட்டில் சுருதி ஏறினால்
எலெக்ட்ரிக் கிட்டார் செய்யும்போது, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜைக் கழுத்து முனையிலுள்ள நட்டிலிருந்து சரியாக 648 மி.மீ.-இல் பொருத்தியும், தடித்த ஈ கம்பியின் சேடிலை (பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும், நகர்த்தக்கூடிய துண்டை) முழுக்கப் பின்னுக்குத் தள்ளியும், 12-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில்) அழுத்தினால் சுருதி ஏறுகிறது என்கிறீர்கள். கவலை வேண்டாம், உடல்பலகை வீணாகவில்லை. அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதி கூடும். அதை ஈடுகட்ட, 648 மி.மீ.-ஐ விடக் கம்பியின் நீளம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். மெல்லிய ஈ கம்பிக்கு 2 மி.மீ. போதும், தடித்த ஈ கம்பிக்கு 4, 5 மி.மீ.கூடத் தேவைப்படும்.

முதலில் புதுக் கம்பி மாட்டி, கம்பியின் உயரத்தைக் குறைத்துப் பாருங்கள். அடுத்து, சேடிலுக்குப் பின்னாலுள்ள ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டிப் போடுங்கள். பெரும்பாலும் வேண்டிய இடம் அங்கேயே கிடைத்துவிடும்.

அப்படியும் போதாவிட்டால்தான் பிரிட்ஜை நகர்த்த வேண்டும். பழைய துளைகளைக் கடின மரக் குச்சியும் மரப்பசையும் வைத்து இறுக்கமாக அடையுங்கள். பல்குத்தும் குச்சி தயவுசெய்து வேண்டாம், திருகு மறுபடி பழைய துளைக்கே சாயும். ஒரு நாள் காய்ந்தபின் புதிதாகத் துளையிடுங்கள்.