‘பாரோ’ என்றாள், கொடுக்க வந்தாள்

கேள்வி: நான் சிங்கப்பூரில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சீனாவின் செங்டுவிலிருந்து இங்கே வேலைக்கு வந்த பெண்ணை என் மகன் விரும்பித் திருமணம் செய்துகொண்டான். நல்ல பெண்தான். வீட்டில் எங்களுக்குள் ஆங்கிலம்தான் பேச்சு. இரவல் வாங்குவதற்கான ‘பாரோ’ (borrow), இரவல் கொடுப்பதற்கான ‘லெண்ட்’ (lend) இரண்டையும் எப்போதும் மாற்றிப் போடுகிறாள். இரண்டுக்கும் அட்டவணை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டி ஆறு மாதமாகிறது, திருந்தவில்லை. போன மாதம் எனக்கு முட்டி அறுவை சிகிச்சை முடிந்து, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுகூட ‘அம்மா, ஐ பாரோ யூ த்ரீ தௌசண்ட்’ என்று வந்து நின்றாள். பணம் கேட்கிற நேரமா இது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அது கிடக்கட்டும். இந்த இரண்டு சொல்லையும் எப்படிச் சொல்லிக்கொடுத்தால் அவளுக்கு ஏறும்?

பதில்: அது எப்படி அம்மா கிடக்கும்? உங்கள் கடிதத்தில் விஷயமே அது ஒன்றுதான். அந்தப் பெண் உங்களிடம் மூவாயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்க வரவில்லை. கொடுக்க வந்தாள்.

அவள் மனசுக்குள் ஓடிய வாக்கியம் ‘வோ ஜியே நீ சான் சியென்’. வோ என்றால் நான். நீ என்றால், சொன்னால் நம்ப மாட்டீர்கள், சீனத்திலும் நீதான். சான் சியென், மூவாயிரம். வம்பெல்லாம் நடுவில் இருக்கும் ‘ஜியே’யால். இரவல் வாங்கினாலும் ஜியே, கொடுத்தாலும் ஜியே. அதற்கு நேராக ‘பாரோ’ என்று எழுதி மனப்பாடம் செய்திருப்பாள். சொல்லுக்குச் சொல் மாற்றினால் உங்கள் காதில் விழுந்த வாக்கியம் அப்படியே வந்துவிடும்.

உங்களிடம் பணம் கேட்பதாக இருந்தால் வேறு மாதிரி அடுக்கியிருப்பாள். ‘கென் நீ ஜியே’, அதாவது உன்னிடம் வாங்கிக்கொள்கிறேன். இல்லையென்றால் ‘நீ ஜியே வோ’, நீ எனக்குக் கொடு. இரண்டாவது ஆங்கிலத்தில் ‘யூ பாரோ மீ’ என்று வந்திருக்கும். அவள் சொன்னதிலோ ‘ஐ’ முதலில், ‘யூ’ அடுத்து, தொகை கடைசியில். கேள்வியாகவும் கேட்கவில்லை. தாளில் எழுதி வைத்துப் பார்த்தால் அந்தச் சீன வாக்கியத்துக்கு இரண்டு பொருளும் சொல்லலாம் என்பது உண்மை. பில்லோடு உட்கார்ந்திருப்பவரிடம் வந்து சொன்னால் ஒரே பொருள்தான்.

இத்தனை வருஷம் வகுப்பெடுத்த உங்களுக்கா இது புரியவில்லை? ஒரு பிள்ளை ‘டீச்சர், பாரோ மீ பென்’ என்றால் தப்பைத் திருத்திவிட்டுப் பேனாவை எடுத்துக் கொடுத்திருப்பீர்கள். அதே தப்பை மருமகள் செய்தபோது, பணம் என்றாலே இவள் கேட்கத்தான் வருவாள் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். ‘டு மீ ஆர் ஃப்ரம் மீ?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்ப்பது மகனின் கடமை. அவன் அன்று எங்கே இருந்தான் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. யாரும் சொல்லாமல், தன் சம்பளப் பணத்தை எடுத்து நீட்டியவளிடம்தான் இலக்கணம் பார்க்கிறீர்கள்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். முதலில் அந்த அட்டவணையைக் கிழித்தெறியுங்கள். குழம்புகிற இரண்டு சொல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டும் இன்னும் பின்னிக்கொள்ளும். ஒன்று நன்றாகப் படிந்த பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும்.

முதல் இரண்டு வாரம் ‘லெண்ட்’ மட்டும். அதற்கான கொக்கி அவள் மொழியிலேயே இருக்கிறது. கொடுப்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டுமென்றால் சீனத்தில் ‘ஜியே கெய்’ என்பார்கள். கெய் என்றால் கொடு. மனசில் ‘ஜியே கெய்’ வருகிற இடத்திலெல்லாம் வாயில் ‘லெண்ட்’ வரட்டும். பொருளுக்குச் சொந்தக்காரர் முதலில்: ‘ஐ லெண்ட் யூ மை அம்ப்ரெல்லா’. இறந்தகாலம் ‘லெண்ட்டெட்’ இல்லை, கடைசி எழுத்து d போய் t வந்து, ‘லெண்ட்’ (lent) என்றே வல்லோசையாக முடியும். காதுக்கு வித்தியாசம் பிடிபடாது, அதனால் எழுதிக் காட்டுங்கள்.

பிறகு ‘பாரோ’. இதற்கு ஒரே சட்டம்: பாரோவுக்கு அடுத்து ஆள் வரக் கூடாது, பொருள்தான் வர வேண்டும். ஆள் ‘ஃப்ரம்’ என்பதற்குப் பின்னால்தான் வரலாம். ‘பாரோ யூ’, ‘பாரோ மீ’ என்று வாயில் வந்த உடனே தப்பு என்று அவளுக்கே தெரிந்துவிடும். ‘ஃப்ரம்’ ஏன் அடிக்கடி விழுந்துவிடுகிறது என்றால், ‘கென் நீ’ (உன்னிடம்) சீனத்தில் வினைக்கு முன்னால் வரும், ஆங்கிலத்தில் வாக்கியத்தின் வாலுக்குப் போய்விடும். வால் வருவதற்குள் பேச்சு முடிந்துவிடுகிறது. ஆகவே ‘ஃப்ரம் யூ’ வரை சொல்லி முடிக்காமல் பொருளைக் கையில் கொடுக்காதீர்கள். சார்ஜர், குடை, கத்தரிக்கோல் எதுவானாலும் சரி, நிஜமாகவே கை மாற வேண்டும். ஒரு நாள் அவள் கொடுப்பவள், மறுநாள் நீங்கள். தேநீர் குடிக்கிற நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

இன்னொரு இடமும் உண்டு. பக்கத்து வீட்டில் ‘மே ஐ பாரோ யுவர் டாய்லட்’ என்று கேட்பாள். சீனத்தில் அதற்கும் ஜியே போடலாம். ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டு போக முடியாததற்குப் பொதுவாக ‘யூஸ்’ என்று சொல்லிக்கொடுங்கள். ‘லோன்’ என்பதை இப்போதைக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் இன்று ராத்திரி அவளை உட்காரவைத்து, மகனும் பக்கத்தில் இருக்க, இப்படிச் சொல்லுங்கள்: ‘யூ வாண்டட் டு லெண்ட் மீ மனி. ஐ தாட் யூ வாண்டட் டு பாரோ ஃப்ரம் மீ. ஐ ஆம் சாரி.’ இரண்டு சொல்லும் அதனதன் இடத்தில் இருக்கின்றன, பாடத்தையும் அங்கிருந்தே தொடங்கிவிடலாம். பில்லில் இன்னும் பாக்கி இருந்தால் அவள் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இனிமேல் வேண்டாம் என்று சொன்னால் இரண்டாவது முறை முகத்தைத் திருப்பியதாகத்தான் ஆகும். திருப்பித் தருகிற வேலை உங்கள் மகனுடையது.

அடுத்து ‘ஓப்பன் த லைட்’ என்கிறாள் என்று எழுதப் போகிறீர்கள். கதவைத் திறப்பது, விளக்கைப் போடுவது, கார் ஓட்டுவது எல்லாமே அவளுக்கு ‘காய்’ என்ற ஒரே சொல். ‘டர்ன் ஆன்’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் பாதிப் பேர் லைட்டை ஓப்பன்தான் பண்ணுகிறார்கள்.