இலங்கையின் காலி நகரிலுள்ள கோட்டையின் மதில் மேல் நடக்க எவ்வளவு நேரம் வேண்டும், எப்போது போகலாம்?

சுற்றி வர ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மதிலில் ஏறக் கட்டணம் இல்லை. மாலை நான்கரைக்கு மேல் போவதே நல்லது. நண்பகலில் மேலே நிழலே கிடையாது.

மணிக்கூண்டுக்கு அருகிலிருந்து தொடங்குங்கள். தரைப்பக்கத்தைக் காக்கும் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்ற மூன்று கொத்தளங்களும் அங்கேதான். மதில் அங்கேதான் மிகப் பருமன், ஏனென்றால் 1640-இல் போர்த்துகீசியரிடமிருந்து காலியைப் பிடித்த டச்சுக்காரர்கள் தரைவழித் தாக்குதலுக்கே அதிகம் அஞ்சினார்கள். கடல்பக்கத்தில் பாறைகளே பாதி காவல். 2004 சுனாமியில் வெளியே நகரம் சிதைந்தபோதும் கோட்டைக்குள் சேதம் குறைவாக இருந்ததற்கு இந்த மதில்தான் காரணம். அதை நினைத்துக்கொண்டு அந்தக் கற்களைத் தொட்டுப் பாருங்கள்.

அப்புறம், பழைய வாசலைத் தவறவிடாதீர்கள். வெளியே பிரிட்டிஷ் சின்னம். உள்ளே திரும்பிப் பார்த்தால் 1669 என்ற ஆண்டோடு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம். எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

குழந்தைகளோடு போனால் கையை விடாதீர்கள். பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது.