நீங்கள் புலியே இல்லை

கேள்வி: 'பௌர்ணமி சிந்தனை: சீன ஜோதிடமும் பஞ்சபூதமும்' என்று ஆன்லைனில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். நான் பிறந்தது 1986 ஜனவரி 16. "நீங்கள் தீப் புலி. பௌர்ணமியில் உங்களுக்குள் தீ பெருகும். செம்புப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதில் நிலவைப் பார்த்தபடி கோபங்களை எழுதி விட்டுவிடுங்கள். உங்கள் கணவர் காற்று பூதம், தீயைக் காற்று ஊதிவிடும் என்பதால் அன்று அவரிடம் அதிகம் பேசாதீர்கள்" என்கிறார்கள். என் தம்பி மனைவி மாசமாக இருக்கிறாள். 2026 தீக் குதிரை ஆண்டு, பெண் பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றும் சொன்னார்கள். இதையெல்லாம் நம்பலாமா? இரண்டாம் நிலை வகுப்புக்கு மறுபடியும் பணம் கட்டச் சொல்கிறார்கள். (வாசகி, ஈரோடு. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: நீங்கள் புலியே இல்லை. 1986-ல் சீனப் புத்தாண்டு பிறந்தது பிப்ரவரி 9 அன்று. அதற்கு முந்தைய நாள் வரை பிறந்த அத்தனை பேரும் முந்தைய ஆண்டின் கணக்கு. அது மர மாடு. ஜாதகம் கணிக்கிறவர்கள் புத்தாண்டுக் கொண்டாட்டத்தைப் பார்க்க மாட்டார்கள். பிப்ரவரி 4-ஐ ஒட்டி வரும் 'லிச்சுன்' என்ற வசந்தத் தொடக்கத்தைத்தான் ஆண்டுப் பிறப்பாக வைப்பார்கள். அப்படிப் பார்த்தாலும் ஜனவரி 16 மாடுதான். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பிறந்த உங்களுக்கு இது ஒன்றும் குறைச்சல் இல்லை.

இன்னொன்றும் உண்டு. பிறந்த ஆண்டின் மிருகத்தை வைத்து ஆளை எடை போடுவது ஓட்டல் மேசைத் தாளில் அச்சடிக்கும் சமாசாரம். உண்மையில் சீன ஜாதகம் கணிப்பவர்கள் கையாள்வது 'பாட்ஸி' என்ற எட்டெழுத்து முறை. ஆண்டு, மாதம், நாள், நேரம் ஆகிய நான்குக்கும் தலா இரண்டு எழுத்து: மரம், தீ என்று ஐந்தில் ஒன்றைச் சொல்லும் பத்து 'வானத் தண்டு'களில் ஒன்று, மிருகத்தைச் சொல்லும் பன்னிரண்டு 'பூமிக் கிளை'களில் ஒன்று. இந்த எட்டில் 'நான்' என்று எடுத்துக்கொள்வது ஆண்டை அல்ல, பிறந்த நாளின் தண்டை. நீங்கள் பிறந்த நாள் கெங்-ஷென். அதாவது உலோகக் குரங்கு. மாதம் மண் மாடு, ஆண்டு மர மாடு. மரம், மண், உலோகம் என்று மூன்று தண்டும் வந்துவிட்டன, தீயைக் காணோம். கிளைகளுக்குள் ஒளிந்திருப்பதாக அவர்கள் சொல்லும் தண்டுகளைத் தோண்டினாலும் கிடைக்காது. பிறந்த நேரத்தை நீங்கள் எழுதவில்லை, அதில் வேண்டுமானால் கொஞ்சம் இருக்கலாம்.

வேடிக்கை அந்தத் தண்ணீர்ப் பாத்திரத்தில்தான் இருக்கிறது. அவர்கள் சாத்திரப்படி உலோகம் நீரைப் பெறும். பெற்றதில் தன் பலத்தை இழக்கும். உங்களிடம் இல்லாத தீயை அணைக்க வைத்த தண்ணீர், உங்களிடம் இருக்கும் உலோகத்தை உறிஞ்சுகிறது! பயப்படாதீர்கள், தண்ணீரைத் துளசிக்கு ஊற்றிவிடுங்கள். எட்டெழுத்தை நம்பச் சொல்லி நான் இதை எழுதவில்லை. விற்கிறவருக்கே தன் சரக்கு தெரியவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இனி பௌர்ணமி. நம் ஊரில் ராசி, நட்சத்திரம் என்றாலே பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற இடம். அந்தப் பழக்கத்தில் சீன ஜோதிடமும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். எட்டெழுத்து முறை சந்திரன் எங்கே நின்றது, வளர்ந்ததா தேய்ந்ததா என்று கேட்பதே இல்லை. அதன் மாதங்கள்கூடச் சூரியன் நடையை 24 துண்டாகப் போட்ட கணக்கில்தான் பிறக்கின்றன. சித்திரை, வைகாசி என்று நாம் சூரியனை வைத்து மாதம் எண்ணுகிறோமே, அந்த வகை. 'ஸி வெய் தோ ஷூ' என்று வேறொரு முறை இருக்கிறது. அது பிறந்த சந்திரத் தேதியைக் கேட்கும். ஆனால் அதுவும் ஜாதகக் கட்டம் போடத்தான். மாதாமாதம் பௌர்ணமி இரவில் நோட்டும் பேனாவுமாக உட்காரச் சொல்லும் முறை அல்ல. பெய்ஜிங்கில் 1530-ல், மிங் பேரரசர் காலத்தில், நகரின் மேற்கே நிலவுக்கென்றே ஒரு பலிபீடம் கட்டினார்கள். அரசு வழிபாடு நடந்தது எந்த நாளில் தெரியுமா? இலையுதிர்காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளில். நிலவுக்குப் படையல் போடவும் சூரியனைக் கேட்டுத்தான் நாள் குறித்தார்கள்.

எழுதி விட்டுவிடுவது, 'இந்தப் பௌர்ணமி உங்களிடமிருந்து எதைக் கேட்கிறது' என்பதெல்லாம் மேற்கத்திய புதுயுக ஆன்மிகத்தின் சடங்குகள். அதற்குச் சீனப் பட்டுச் சட்டை போட்டு, பஞ்சபூதம் என்று நம் திருநீறும் பூசி, ஈரோட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தப் பஞ்சபூதமாவது ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. சீன ஐந்தில் காற்று கிடையாது, ஆகாயமும் கிடையாது. மரம், தீ, மண், உலோகம், நீர், அவ்வளவுதான். ஆகவே உங்கள் கணவர் எந்தக் கணக்கிலும் காற்று பூதமாக முடியாது. பௌர்ணமி அன்று தாராளமாகப் பேசுங்கள், சண்டை போட வேண்டியிருந்தால் அதையும் போடுங்கள்.

கணக்கு மட்டுமல்ல, எண்ணமே வேறு. நிலம், தீ, நீர், வளி, விசும்பு ஐந்தும் கலந்த மயக்கம் உலகம் என்கிறது தொல்காப்பியம். உலகம் எதனால் ஆனது என்ற கேள்விக்கு அது பதில். சீன ஐந்து, உலகம் எப்படி மாறுகிறது என்ற கேள்விக்கான பதில். மரம் எரிந்து தீ, தீ அடங்கிச் சாம்பலாகி மண், மண்ணுக்குள் உலோகம், உலோகத்திலிருந்து நீர், நீரை உண்டு மறுபடி மரம். இது வளர்க்கும் சுற்று. மரம் மண்ணைப் பிளக்கும், மண் நீரைத் தடுக்கும், நீர் தீயை அணைக்கும், தீ உலோகத்தை உருக்கும், உலோகம் மரத்தை வெட்டும். இது அடக்கும் சுற்று. வசந்தம் மரத்துக்கு, கோடை தீக்கு, இலையுதிர்காலம் உலோகத்துக்கு, குளிர்காலம் நீருக்கு. இப்படித் திசை, நிறம், சுவை, உடலுறுப்பு, உணர்ச்சி என்று எல்லாவற்றையும் ஐந்தைந்தாகப் பிரித்து அடுக்கினார்கள். ஓயாமல் மாறுவதைச் சொல்ல வந்த ஒரு முறையை எடுத்து, 'நீ தீ, நீ காற்று' என்று ஆள் நெற்றியில் நிரந்தர முத்திரை குத்துவது அதன் தலையிலேயே கை வைப்பது.

அரசியல்வாதிகள் இதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது தனிக் கதை. கி.மு. 3-ம் நூற்றாண்டில் ட்ஸோ யென் என்ற அறிஞர், அரச வம்சங்களும் இந்த ஐந்தின் வரிசையில்தான் வந்து போகும் என்றார். கி.மு. 221-ல் சீனாவை ஒன்றாக்கிய சின் பேரரசர் பிடித்துக்கொண்டார். வீழ்ந்த சோவ் வம்சம் தீ, ஆகவே நான் நீர். நீரின் நிறம் கறுப்பு, எண் ஆறு. ஆடை, கொடி எல்லாம் கறுப்பாயின. வண்டி அளவுகள்கூட ஆறின் கணக்குக்கு வந்தன. பின்னால் வந்த ஹான் வம்சத்தில், நாங்கள் எந்தப் பூதம் என்பதிலேயே நூறு ஆண்டு குழப்பம். கடைசியில் கி.மு. 104-ல் மண் என்று முடிவு செய்தார்கள். ஆட்சியில் இருப்பவருக்கு வேண்டிய பூதம் எப்போதும் கிடைத்துவிடும்.

சீனர்கள் எல்லாரும் இதற்குத் தலையாட்டினார்கள் என்று நினைக்க வேண்டாம். கி.பி. முதல் நூற்றாண்டில் வாங் சோங் என்று ஒருவர் இருந்தார். அவர் கேட்டது இது: எலிக்கு நீர், குதிரைக்குத் தீ என்கிறீர்கள். நீர் தீயை வெல்லும் என்றால் எலி ஏன் குதிரையைத் துரத்தவில்லை? சேவல் உலோகம், முயல் மரம். உலோகம் மரத்தை வெல்லும் என்றால் சேவல் ஏன் முயலைக் கொத்தவில்லை? ஏறக்குறைய 1,900 ஆண்டுகள் ஆகின்றன, யாரும் ஒழுங்கான பதில் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்களேன்.

சீனர்களுக்குப் பௌர்ணமியே கிடையாதா என்றால், நிறைய இருக்கிறது. ஜாதகத்தில் அல்ல, ஊரில். முதல் மாதப் பதினைந்தில் விளக்குத் திருவிழா. ஏழாம் மாதப் பதினைந்தில் பசித்த ஆவிகளுக்குப் படையல். எட்டாம் மாதப் பதினைந்தில் நடு இலையுதிர் விழா. 2026-ல் அது செப்டம்பர் 25. அன்றைக்கு நிலா அப்பம், பம்ப்ளிமாஸ், வெளியூர்ப் பிள்ளைகள் வீடு திரும்புவது, நிலவில் சாங்-அ தேவியையும் மருந்து இடிக்கும் முயலையும் குழந்தைகளுக்குக் காட்டுவது. (நமக்கும் அங்கே முயல் உண்டு, வடை சுடும் பாட்டியும் உண்டு.) நிலவும் ஐந்தில் ஒன்றும் நேராகச் சந்திப்பது இங்கேதான். எட்டாம் மாதம் உலோக மாதம். மேற்கு, வெண்மை, துயரம் எல்லாம் உலோகத்தின் பங்கு. வெட்டும் பருவம் என்பதால் பழைய சீனத்தில் மரண தண்டனையை இலையுதிர்காலத்துக்குத் தள்ளி வைப்பார்கள். வியாபாரிகளுக்கு இந்த விழா கடன் பாக்கி தீர்க்கும் தவணை நாள்களில் ஒன்று. ஆக, முழுநிலவைப் பார்த்துப் பலருக்கு வந்த சிந்தனை மளிகைக் கடைக்காரர் கணக்கு நோட்டோடு வருவாரே என்பதாகத்தான் இருந்திருக்கும். பதினைந்தாம் நாள் நிலா பதினாறில்தான் முழு வட்டமாகும் என்று அங்கே சொலவடையே உண்டு. சரியான நிமிடத்தில் சடங்கு செய்யாவிட்டால் பலன் போச்சு என்று உங்களுக்கு வாட்ஸாப்பில் அலாரம் அனுப்புகிறவர்களுக்கு அதை அனுப்பி வையுங்கள்.

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதினேன். தீக் குதிரை விஷயத்தில் சிரிக்க முடியவில்லை.

தண்டும் கிளையும் சேர்ந்து சுற்றினால் 60 ஆண்டு, நம் பிரபவ முதல் அட்சய வரை போல. அதில் தண்டும் தீ, கிளையும் தீ என்று அமையும் குதிரை ஆண்டு 1906, 1966, 2026. அந்த ஆண்டில் பிறந்த பெண் கணவனைக் கொல்வாள் என்ற நம்பிக்கை வேரூன்றியது ஜப்பானில். எடோ நகரத்தில் ஓஷிச்சி என்ற காய்கறிக் கடைக்காரர் மகள், காதலனைப் பார்க்கும் ஆசையில் ஊருக்குத் தீ வைத்தாள் என்று 1683-ல் எரித்துக் கொல்லப்பட்டாள். அவள் 1666-ல், தீக் குதிரையில் பிறந்தவள் என்று கதை பரவியது, நாடகமும் ஆனது. இதன் விலை என்ன? ஜப்பானில் 1965-ல் பிறந்த குழந்தைகள் 18 லட்சத்துக்கு மேல். 1966-ல் 13.6 லட்சம். 1967-ல் 19 லட்சத்துக்கு மேல். புல்லட் ரயில் ஓடத் தொடங்கி இரண்டு ஆண்டு ஆகியிருந்த நாட்டில், ஒரு குதிரைக்குப் பயந்து ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குழந்தைகள் பிறக்கவில்லை! அந்த ஆண்டு ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.58 குழந்தை. 1989-ல் அது 1.57 ஆனபோது, தீக் குதிரை ஆண்டையும்விடக் கீழே போய்விட்டதே என்று அந்த நாடே அதிர்ந்தது.

நமக்கு ஜப்பானைப் பார்த்துச் சிரிக்கும் யோக்கியதை கிடையாது. 'பெண் மூலம் நிர்மூலம்' என்று ஒரு வரியைச் சொல்லியே எத்தனை வரன்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அந்தப் பழியே போதாதென்று இப்போது குதிரையை வேறு இறக்குமதி செய்கிறார்கள். 2026 சித்திரையில் பிறக்கும் தமிழ் ஆண்டின் பெயர் பராபவ. துன்மதி, குரோதி, ரௌத்திரி, இரத்தாட்சி என்று நம் பட்டியலைப் படித்தால், ஆண்டின் பெயருக்குப் பயந்து பிள்ளை பெறாமல் இருக்க வேண்டுமென்றால் இந்த ஊரில் மக்கள்தொகைப் பிரச்சினையே இருந்திருக்காது. உங்கள் தம்பி மனைவியிடம் இந்த வகுப்புப் பேச்சு எதையும் கொண்டுபோகாதீர்கள். ஏற்கெனவே கொண்டுபோயிருந்தால், மேலே உள்ள ஜப்பான் கணக்கையும் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள்.

இரண்டாம் நிலைக்குப் பணம் கட்டாதீர்கள். கட்டியே தீர வேண்டும் என்று தோன்றினால், அதற்கு முன் ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி: 1986 ஜனவரி 16-ன் நாள் தண்டு எது? 'கெங்' என்று சொன்னால், ஆளுக்குப் பஞ்சாங்கமாவது புரட்டத் தெரிகிறது. மறுபடியும் புலி என்றால், முதல் நிலைக்குக் கட்டியதையும் திருப்பிக் கேளுங்கள்.