பருப்பு டப்பாவில் மாத்திரை

கேள்வி: எனக்கு 24 வயது. 14 வயதிலிருந்து வலிப்புக்கு வேல்ப்ரோயேட் மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று வருடமாக ஒன்றும் வரவில்லை. ஆறு மாதத்துக்கு முன் கல்யாணம் ஆனது. புகுந்த வீட்டில் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறார். அட்டை கண்ணில் படக் கூடாதென்று மாத்திரைகளை உரித்துத் துவரம்பருப்பு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். மாரியம்மன் நோம்பிக்கு ஒறம்பரை வந்ததில் இரண்டு நாள் எடுக்க முடியவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் வலிப்பு வந்துவிட்டது. மாமியார் ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். விரத மயக்கம் என்று சமாளித்தேன். மாத்திரையையே நிறுத்திவிட்டால் மறைக்க வேண்டாமே, நிறுத்தலாமா?
- வாசகி, காங்கேயம்

பதில்: நிறுத்தாதே அம்மணி. மூன்று வருடம் வலிப்பை அடக்கி வைத்தது அந்த மாத்திரைதான். திடீரென்று விட்டால் வலிப்பு நிற்காமல் அடுத்தடுத்து வரலாம், உயிருக்கே ஆபத்து. நோம்பி ராத்திரிகளில் தூக்கமும் கெட்டிருக்கும், அதுவும் வலிப்பைக் கிளப்பும்.

முதலில் அந்த டப்பாவைப் பார். வேல்ப்ரோயேட் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். விழுங்கும்போதுதான் அட்டையிலிருந்து பிரிக்க வேண்டும். உரித்து வைத்ததை நம்பாமல் புதிதாக வாங்கு.

அரசு மருத்துவமனையில் 31 வருடம் செவிலியராக இருந்தேன். ஒரு நாள், நிச்சயமான பெண் ஒருத்தியின் தாய் மருந்து வாங்கிய கையோடு திண்ணையில் உட்கார்ந்து, மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கிச் சத்து மாத்திரை பாட்டிலில் போட்டுக்கொண்டிருந்தார். கிழிந்த தகட்டை ஒரு துண்டு விடாமல் முந்தானையில் முடிந்துகொண்டார். பார்த்துவிட்டுப் பேசாமல் போனேன். நாலு மாதம் கழித்து அந்தப் பெண் அடுப்படியில் விழுந்து கை வெந்து வந்தாள். மாத்திரை தீர்ந்து மூன்று வாரமாம். வாங்க வருவதற்கு வீட்டில் என்ன சாக்குச் சொல்வதென்று தெரியவில்லையாம். அன்றைக்கே அந்தத் தாயிடம் பேசாமல் போனேனே என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது.

சரி, உன் மாமியார் சாவிக்கொத்தை எதற்குத் திணித்தார்? விரத மயக்கத்துக்கு யாரும் இரும்பைத் தேடி ஓட மாட்டார்கள். அவருக்குப் பாதி புரிந்துவிட்டது, கேட்கத்தான் தயங்குகிறார் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரரிடம் நீயே முதலில் சொல். மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போ. இந்த மாத்திரை வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக் கூடியது. கரு தங்குவதற்கு முன்பே வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவர்தான் பார்க்க வேண்டும். நாள் தள்ளியிருந்தால் உடனே போ. அதுவரை நீயாக ஒரு வேளையும் விடாதே.

அம்மாவின் பயம் காரணமில்லாதது அல்ல. வலிப்பைக் காட்டி இந்துத் திருமணத்தை ரத்து செய்ய 1976இல் சட்டத்தில் இடம் வைத்தார்கள். அந்தச் சொல்லை 1999இல் நீக்கிவிட்டார்கள். இதை அவருக்குப் படித்துக் காட்டு.

மாமியாரிடம் சொல்லும்போது சாவியும் இரும்பும் வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும் என்று சொல்லிக் கொடு. 5 நிமிடத்துக்கு மேல் நிற்காவிட்டால் 108.

அம்மாவிடம் நான் பேச வேண்டுமென்றால் எழுது, பேசுகிறேன்.